ஒரு மென்பொருள், மூன்று கணிப்பொறிகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே தந்திருக்கிறேன், சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறேன்.)

 

செயலாளர் என்னிடம், "கம்ப்யூட்டரைப் பத்தி ஏதாவது பேசுப்பா, ஆனா எங்களுக்கும் புரியற மாதிரி பேசு" என்று சொல்லியிருக்கிறார். முதல் பாதியை நிறைவேற்றிவிடுவேன். இரண்டாம் பாதிக்கு நீங்கள்தான் சாட்சி. ஒரு கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிற சாஃப்ட்வேர் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் ஏன் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இந்தத் தலைப்பை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தச் சபையில் நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைக் கேட்கமாட்டீர்கள்.

1993-ல் நான் எம்.சி.ஏ. சேர்ந்தபோது நம் கணிப்பொறிக் கூடம் பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கல்லூரியிலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான் என்பதால் மே மாதத்தில் எங்களுக்குப் படிப்பில் மிகுந்த ஆர்வம் பிறக்கும். (சிரிப்பு) உள்ளே இரண்டு ராஜ்ஜியங்கள். ஒரு பக்கம் டாஸ் ஓடுகிற பி.சி.கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யூனிக்ஸ் ஓடுகிற ஒரு பெரிய பெட்டி; அதிலிருந்து வயர் இழுத்து எட்டு டெர்மினல்கள்.

செய்முறைத் தேர்வுக்கு ஃபாக்டோரியல் கணக்கு வரும். டர்போ சி-யில் எழுதி, பிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டி யூனிக்ஸ் பக்கம் போவோம். அங்கே அது கம்பைல் ஆகாது. திரையைத் துடைப்பதற்கு டர்போ சி-யில் ஒரு கட்டளை உண்டு, கிளியர் ஸ்கிரீன். எல்லாரும் புரோகிராமின் முதல் வரியிலேயே பிள்ளையார் சுழி போல அதைப் போடுவோம். யூனிக்ஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் விடை வேறாக வரும்! 8-ன் ஃபாக்டோரியல் 40,320. யூனிக்ஸ் சரியாகச் சொல்லும். அதே புரோகிராம் டாஸ் பக்கத்தில் மைனஸ் 25,216 என்று சொல்லும். காரணம், டர்போ சி-யில் முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். 32,767-க்கு மேல் அதில் கொள்ளாது. யூனிக்ஸ் இயந்திரத்தில் 32 பிட். தேர்வாளர் டாஸ் பக்கம் வந்தால் 7 வரைக்கும்தான் காட்டவேண்டும் என்பது எங்கள் சீனியர்கள் காதோடு சொல்லிக்கொடுத்த ரகசியம். பேராசிரியர் சிரிக்கிறார். ஐயாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

இது பழங்கதை என்று தம்பிகள் நினைக்கவேண்டாம். இன்றைக்கும் 64 பிட் விண்டோஸில் சி மொழியின் 'லாங்' என்பது 4 பைட். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட். அதே பள்ளம், அதே இடத்தில்தான் இருக்கிறது. விழுகிறவர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

சரி, ஏன் இப்படி? மூன்று கம்ப்யூட்டருக்குள்ளும் பல சமயம் ஒரே கம்பெனி சிப்தான். கூட்டல், பெருக்கல் எல்லாம் ஒன்றுதான். பிறகு என்ன தகராறு?

ஒரு கல்யாணச் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவத்தில் மன்னர். ஆனால் அவர் தன்னந்தனியாக ஒன்றும் செய்வதில்லை. "ஸ்டோர்ல இருந்து பருப்பு எடுத்துட்டு வா", "அந்த அடுப்பைப் பத்த வை", "அண்டாவை இறக்கு" என்று மண்டபத்து ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். சாஃப்ட்வேரும் அப்படித்தான். திரையில் ஒரு கோடு போட, வட்டிலிருந்து ஒரு கோப்பைத் திறக்க, பிரிண்டருக்கு அனுப்ப, எல்லாவற்றுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கவேண்டும். விண்டோஸ் என்ற மண்டபத்தில் ஸ்டோர் ரூமுக்கு ஒரு பெயர், லினக்ஸில் இன்னொரு பெயர், மேக்கில் மூன்றாவது. ஓடும் கோப்பைக் கட்டிவைக்கும் விதமே வேறு. விண்டோஸில் பி.இ., லினக்ஸில் எல்ஃப், மேக்கில் மாக்-ஓ. ஊர் மாறி வந்த சமையல்காரர் கத்துகிறார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு மூன்று வைத்தியம் கண்டுபிடித்தார்கள். முதலாவது, எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அடுப்படி கட்டிவிடுவது. சன் நிறுவனம் 1995-ல் ஜாவாவைக் கொண்டுவந்தபோது சொன்னது அதுதான்: ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு. நாங்கள் அப்போது கடைசி வருடம், மயங்கிப்போனோம். வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, ஒருமுறை எழுதி எல்லா இடத்திலும் பிழை திருத்தவேண்டும் என்று. இரண்டாவது, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துவது. வைன் என்ற திட்டம் 1993-ல் தொடங்கியது. விண்டோஸ் புரோகிராம் விண்டோஸ் பாஷையில் கேட்பதை லினக்ஸ் பாஷைக்கு அங்கேயே மாற்றிச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் கேட்கிற கேள்வி எல்லாவற்றையும் பத்திரமாக அச்சடித்துக் கொடுக்காத நிலையில், வெளியிலிருந்து தட்டித் தட்டிப் பார்த்தே எழுதினார்கள். 1.0 என்ற எண்ணைப் போட்டுக்கொள்ள 2008 ஆகிவிட்டது. பதினைந்து வருடம்! அந்த உழைப்பின் மேல்தான் வால்வ் நிறுவனம் 2018-ல் புரோட்டானைக் கட்டியது. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைவிளையாட்டுப் பெட்டி லினக்ஸில் ஓடிக்கொண்டே விண்டோஸ் விளையாட்டுகளைக் காட்டுகிறது. பின்வரிசையில் தலை ஆடுவது தெரிகிறது.

மூன்றாவது வைத்தியம் எலக்ட்ரான். சமையல்காரர் தன் அடுப்படி முழுவதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது. ஒவ்வொரு சின்ன புரோகிராமும் ஒரு முழு பிரௌசரை முதுகில் சுமந்து வருகிறது. குறிப்பு எழுதும் சாதாரண புரோகிராம்கூட நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும். எங்கள் காலத்தில் 1.44 மெகாபைட் பிளாப்பியில் புராஜெக்ட் முழுவதையும் அடக்கிவிட்டு மீதி இடத்தில் பாட்டு வரிகளும் வைத்திருந்தோம். எனக்கு எலக்ட்ரானைப் பிடிக்காது. ஆனால் நானும் தினமும் அதில் செய்த எடிட்டரில்தான் வேலை செய்கிறேன். பிடிக்காததைச் செய்யாமல் இருக்க முடிகிறதா?

இதோடு இன்னொரு சங்கடம், மண்டபத்தையே இடித்துக் கட்டுவது. மேக் 1994-ல் பவர்பிசி சிப்புக்கு மாறியது, 2006-ல் இன்டெலுக்கு, 2020-ல் சொந்தச் சிப்புக்கு. நடுவில் 2019-ல் 32 பிட் புரோகிராம்கள் இனி ஓடாது என்று கதவைச் சாத்தியது. ஒவ்வொரு தடவையும் எங்களைப் போன்ற சிறிய ஆட்கள் எழுதியது கொஞ்சம் செத்துப்போகும். இந்த விஷயத்தில் விண்டோஸை நான் மனதார மெச்சுவேன். இருபது வருடத்துக்கு முன் எழுதிய கணக்குப் புரோகிராம் இன்னும் எத்தனையோ கடைகளில் மாறாமல் ஓடுகிறது. 16 பிட் புரோகிராம்களை மட்டும் 64 பிட் விண்டோஸ் கைகழுவிவிட்டது.

ஓடுவது, ஓடாதது எல்லாம் பெரிய சங்கடம் இல்லை. ஓடவில்லை என்றால் திரையில் சொல்லிவிடும். நாமும் உட்கார்ந்து பார்ப்போம். ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டே தப்பு செய்வதுதான் பயங்கரம். அது பெரும்பாலும் மிகச் சின்ன இடத்தில் நடக்கும்.

வரி முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்தால் இரண்டு காரியம் நடக்கும். வண்டியைத் திரும்ப ஓரத்துக்குத் தள்ளவேண்டும். தாளை ஒரு வரி மேலே உருட்டவேண்டும். டெலிபிரிண்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எண்கள் வைத்தார்கள்: 13, 10. டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. பழைய மேக் 13 மட்டும் போதும் என்றது. அதனால்தான் எங்கள் புரோகிராம் யூனிக்ஸ் பக்கம் போனபோது ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு தொப்பிக் குறியும் எம் என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன. யூனிக்ஸ் கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் முழுவதும் ஒரே வரியாக ஓடும். நோட்பேட் இதைச் சரிசெய்துகொண்டது 2018-ல். அவசரமே இல்லை அவர்களுக்கு!

கோப்புப் பெயர் சமாசாரம் இதைவிட வேடிக்கை. டாஸ் காலத்தில் 'காப்பி கான்' என்று அடித்துத்தான் கோப்பு உண்டாக்குவோம். கான் என்றால் கன்சோல், அதாவது கீபோர்டும் திரையும். அந்தப் பெயரை டாஸ் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டது. அதேபோல ஆக்ஸ், நல், பி.ஆர்.என். விண்டோஸிலும் அது தொடர்ந்தது. லினக்ஸ் கெர்னல் மூலநிரலில் ஆக்ஸ் என்று பெயரிட்ட கோப்புகள் இருக்கின்றன; அதை அப்படியே விண்டோஸில் இறக்கப் போனால் அங்கே மாட்டிக்கொள்ளும். அதே மூலநிரலில், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்பதைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாத இரட்டைப் பெயர்களும் உண்டு. லினக்ஸ் அவற்றை இரண்டு கோப்பாகப் பார்க்கும். விண்டோஸும், வழக்கமான அமைப்பில் மேக்கும் ஒன்றாகப் பார்க்கும். ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும்.

தமிழில் பெயர் வைத்தால் நீளத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் கோப்புப் பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 முறையில் 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஆகவே லினக்ஸில் 85 குறிகளோடு கதை முடிந்தது. அதிலும் நாம் ஒரு எழுத்தாக எண்ணுகிற 'கி' அங்கே இரண்டு குறி. நம் தமிழ்த்துறைக் கட்டுரைத் தலைப்புகளை அப்படியே கோப்புப் பெயராக வைத்தால் பாதித் தலைப்பிலேயே நின்றுவிடும். (சிரிப்பு)

எக்செல் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் சங்கத்தில் நடந்தது. விண்டோஸ் எக்செல் நாட்களை 1900-லிருந்து எண்ணும். பழைய மேக் எக்செல் 1904-லிருந்து எண்ணும். இரண்டுக்கும் வித்தியாசம் 1,462 நாள்; நான்கு வருடமும் ஒரு நாளும். நம் உறுப்பினர் பட்டியலை நண்பர் ஒருவர் விண்டோஸ் கோப்பிலிருந்து தன் பழைய மேக்கில் புதுக் கோப்பில் ஒட்டினார். எல்லா உறுப்பினருக்கும் நான்கு வயது குறைந்துவிட்டது. ஆறு மாதம் யாரும் புகார் செய்யவில்லை. (பலத்த சிரிப்பு)

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2012-ல் நம் சங்கம் ஒரு நல்ல காரியத்தை எடுத்துக்கொண்டது. கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து வந்த ஆண்டு மலர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுவது. தாள் பழுத்து, தொட்டால் ஒடிந்தது. தையலைப் பிரித்துத்தான் படம் எடுக்க முடிந்தது. படம் எடுத்த நண்பர் மேக் வைத்திருந்தார். அலுவலகத்தில் அட்டவணையைத் தட்டச்சு செய்தவர்களுடையது விண்டோஸ். நூலகத்தில் எல்லாவற்றையும் சேர்த்துவைத்த சர்வர் லினக்ஸ். இந்த மூன்றையும் கோத்துத் தேடிக் காட்டும் மென்பொருளை எழுதியவன் நான். மூன்றிலும் ஓடும் என்று இதே மேடையில் பெருமையாகச் சொன்னேன். மாலைகூடப் போட்டீர்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதியவர் பெயரையும் வருடத்தையும் தமிழிலேயே கோப்புப் பெயராக வைத்தோம். மொத்தம் 2,900 கோப்புகள். என் வீட்டு மேக்கில் சோதித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

2013-ல் சர்வரில் இடம் குறைந்தது. படம் எடுக்கும்போது வெளிச்சம் பார்க்க எடுத்த சோதனைப் படங்கள் ஐந்நூறு, அறுநூறு உள்ளே கிடக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஓர் இரவு உட்கார்ந்து பத்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அட்டவணையில் பெயர் இல்லாத கோப்புகளை எல்லாம் அழித்துவிடு, அவ்வளவுதான். ஓட்டுவதற்கு முன் எத்தனை என்று மட்டும் கேட்டேன். 690 என்றது. கிட்டத்தட்டச் சரியாகத்தானே இருக்கிறது என்று பட்டியலைப் படிக்காமலே சரி கொடுத்துவிட்டேன்.

மறுவருடம் ஒரு அம்மா நூலகத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய அப்பா இங்கே படித்தவர். 1964 மலரில் தன் ஊர் ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாராம். அவர் அப்போதுதான் தவறியிருந்தார். "அப்பா கையெழுத்துகூட எங்ககிட்ட இல்ல சார். காலேஜ்ல எழுதினதை மட்டும் அடிக்கடி சொல்லிட்டிருப்பார்" என்றார்கள். அட்டவணையில் பெயர் இருந்தது. படத்தைத் திறந்தால் 'கோப்பு இல்லை' என்றது. நூலகர் எனக்குப் போன் செய்தார். அட்டவணையையும் வட்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி 371 பக்கங்கள் காணவில்லை.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வட்டு கெட்டுவிட்டதா, வைரஸா, யாராவது விளையாடிவிட்டார்களா என்று எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர. கடைசியில் கண்டுபிடித்தது, பட்டியலை அச்செடுத்துக் கொடுக்க வந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. "சார், இதுல ஒரு முருகன்கூடக் காணாம போகல. கண்ணன், ராமசாமி, மீனாட்சி எல்லாரும் இருக்காங்க. மனோகரன், கோவிந்தன், சரோஜா, லோகநாதன் இவங்கதான் இல்ல. எல்லார் பேர்லயும் 'ஓ' வருது சார்."

அவள் சொன்னது சரி. கொ, கோ, கௌ என்று ஒகர, ஓகார, ஔகாரக் குறி எங்கே வந்ததோ அந்தப் பெயர்கள்தான் போயிருந்தன. சௌந்தரராஜனும் போயிருந்தார்.

விஷயம் இதுதான். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி, அதற்கு 3018 என்று ஒரே எண். அல்லது ககரத்துக்குப் பிறகு 3014, 3006 என்று இரண்டு எண்கள். அதாவது கொம்பு தனி, கால் தனி. தமிழ் டைப்ரைட்டரில் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டுத் தட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் காணமுடியாது. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் பைட் கணக்கில் ஒன்று ஆறு, மற்றது ஒன்பது.

மேக்கில் 1998 முதல் இருந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற வட்டு முறை, எந்தப் பெயர் கொடுத்தாலும் கொம்பையும் காலையும் பிரித்தே எழுதிவைக்கும். கேட்கும்போது எப்படிக் கேட்டாலும் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெயர்கள் வட்டில் இருக்கக்கூடாது என்பது அவர்கள் நியாயம். நல்ல நியாயம்தான். விண்டோஸில் நம் ஆட்கள் அடித்தபோது ஒரே எண்ணாக விழுந்தது. விண்டோஸ் அதைத் தொடாமல் அப்படியே வைத்தது. லினக்ஸுக்கு இந்த வம்பே கிடையாது. அதற்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. ஆறு பைட்டும் ஒன்பது பைட்டும் அதற்கு வேறு வேறு ஆசாமிகள். அட்டவணையில் ஆறு பைட் கோவிந்தன். மேக் வட்டிலிருந்து வந்தது ஒன்பது பைட் கோவிந்தன். "இந்தப் பெயர் அட்டவணையில் இல்லையே" என்று என் நிரல் அவரை அழித்துவிட்டது. என் மேக்கில் சோதித்தபோது ஏன் எல்லாம் சரியாக இருந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது.

மூன்று சிஸ்டமும் தன் தன் விதிப்படி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன. பட்டியலைப் படிக்காமல் சரி கொடுத்தவன் நான். திருத்தம் என்னவென்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். பைத்தானில் ஒரே வரி. மேக்கே 2017-ல் புது வட்டு முறைக்கு மாறியபோது, கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டையும் சமமாகப் பார்க்கும்படி செய்துவிட்டது. ஆனால் பழைய வட்டுகள் இன்னும் எத்தனையோ பேர் அலமாரியில் இருக்கின்றன. அதில் தமிழ்ப் பெயர்க் கோப்புகள் இருந்தால் நகல் எடுக்கும்போது ஜாக்கிரதையாக இருங்கள்.

இது தமிழுக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்கவேண்டாம். மேலே புள்ளி வைக்கிற ஐரோப்பிய மொழிக்காரர்களும் இதே வலியைப் பட்டிருக்கிறார்கள். நமக்குத்தான் பழக்கம் அதிகம். இந்த மலருக்குக் கட்டுரை வாங்கிச் சேர்க்கிற தம்பியைக் கேளுங்கள். ஒருவர் யூனிகோடில் அனுப்புவார். இன்னொருவர் பாமினியில் அனுப்புவார். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி டாம், டாப் என்று பொதுக் குறியாக்கம் வகுத்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பாமினி இன்னும் போகவில்லை.

தம்பி, தங்கைகளே, புராஜெக்டுக்கு உபயோகப்படுகிறதைச் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது யு.டி.எஃப்-8 என்று நீங்களே எழுதிச் சொல்லுங்கள். சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஃபோல்டர் பெயருக்கு நடுவில் போடும் சாய்கோட்டைக் கையால் எழுதாதீர்கள். பாத்லிப் போட்டுத் தரும். கோப்புப் பெயருக்கு வெறும் எண் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரை அட்டவணைக்குள் வையுங்கள். நான் அதைச் செய்திருந்தால் இன்று வேறு தலைப்பில் பேசியிருப்பேன். அழிக்கிற நிரல் எழுதினால் முதலில் அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒரு மாதம் கிடக்கட்டும்.

நகல் இல்லையா என்று அன்றைக்கே எல்லாரும் கேட்டார்கள். இருந்தது. படங்கள் வந்த வெளி வட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதைத் துடைத்துவிட்டு மகள் கல்யாண ஆல்பத்தை ஏற்றிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. படம் எடுத்த நண்பரின் மேக்கைத் துழாவியதில் 287 பக்கங்கள் திரும்பக் கிடைத்தன. அசல் தாள்கள் கட்டுக்கட்டாகப் பரணில் இருந்தன. ஏறிப் பார்த்தபோது கரையான் நமக்கு முன்னால் போய்விட்டிருந்தது. மீதி 84 பக்கங்கள். அதற்குப் பிறகு உறுப்பினர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய மலர்களிலிருந்து 31 கிடைத்தன. இன்றைக்கு இல்லாதது 53. அந்த அம்மாவின் அப்பா எழுதிய ஏரிக் கட்டுரை அந்த 53-ல் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இந்தச் சந்திப்புக்கு முதல் வாரம் நூலகத்துக்குப் போன் செய்து கேட்கிறார்கள்.

நமக்குத் தேவைப்படுவது 1958, 1964, 1971 மலர்கள். 1964-ன் மேலட்டை பச்சை நிறம், நடுவில் நம் கல்லூரி மணிக்கூண்டுப் படம். உங்கள் வீட்டில், அண்ணன் வீட்டில், மாமனார் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தையலைப் பிரிக்கமாட்டோம், இப்போதுள்ள ஸ்கேனர் மேலிருந்தே படம் எடுக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு மாலை ஐந்து மணி வரை நூலக முன்மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன். காணாமல் போனவர்களின் பட்டியல் அங்கே ஒட்டியிருக்கிறது. உங்கள் பெயரில் 'ஓ' இருந்தால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.